குளிர் நாட்டு ஹீட் பம்ப்பும் சுங்கை பினாங் ஏர்கோனும்: ஒரே இயந்திரம், வேறு வேறு கணக்கு

சுங்கை பினாங் வட்டாரத்து அடுக்குமாடிகளின் பின்பக்கச் சுவரை அண்ணாந்து பார்த்தால் மாடிக்கு மாடி வெள்ளைப் பெட்டிகள் தொங்கும். ஏர்கோனின் வெளிப்பகுதி, பேச்சு வழக்கில் கம்ப்ரசர். அந்தப் பெட்டிக்கு உலகம் முழுதும் புழங்கும் இன்னொரு பெயர் ஹீட் பம்ப், அதாவது வெப்பத்தை இறைக்கும் இயந்திரம். பிரிட்டனில் ஒரு குடும்பம் தன் எரிவாயு பாய்லரைக் கழற்றிவிட்டு இந்த இயந்திரத்தைப் பொருத்தினால் அரசாங்கமே 7,500 பவுன் மானியம் தருகிறது. நோர்வேயில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் இது இருக்கிறது. அங்கெல்லாம் பருவநிலை மாற்றத்துக்குத் தீர்வு என்று பாராட்டப்படும் அதே இயந்திரம், பினாங்கில் மின்கட்டணத்தை ஏற்றிவிடும் குற்றவாளியாகப் பார்க்கப்படுகிறது.

இரண்டு பார்வையுமே சரிதான். இயந்திரம் ஒன்றானாலும், அது எதற்குப் பதிலாக வீட்டுக்குள் வருகிறது, எந்த மின்சாரத்தில் ஓடுகிறது என்பவை ஊருக்கு ஊர் மாறுகின்றன. லண்டன், மெல்பர்ன் உறவினர்கள் தொலைபேசியில் இதைப் பற்றிப் பெருமையாகவோ சலிப்பாகவோ பேசுவதைக் கேட்கும் பினாங்குக் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு பயன்படும்.

நீர் இறைப்பது போல

பம்ப் என்ற சொல் இதற்கு நன்றாகவே பொருந்துகிறது. கிணற்றிலிருந்து நீர் இறைப்பவர் நீரை உண்டாக்குவதில்லை. கீழே இருப்பதை மேலே கொண்டுவருகிறார். ஹீட் பம்ப்பும் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. குழாய்க்குள் சுற்றும் குளிர்பொருள் ஓரிடத்தில் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சுகிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்திச் சூடாக்குகிறது. மறுபக்கத்தில் அது மீண்டும் திரவமாகி வெப்பத்தைக் கொட்டிவிடுகிறது. மின்சாரம் அழுத்துவதற்கு மட்டுமே செலவாகிறது.

இதனால்தான் கணக்கு முதலில் மாயமாகத் தோன்றும். சாதாரண மின்கம்பி ஹீட்டரில் ஒரு யூனிட் மின்சாரம் ஒரு யூனிட் வெப்பம் மட்டுமே தரும். ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு மூன்று, நான்கு யூனிட் வெப்பத்தை இடம் மாற்றும். 1 எச்பி ஏர்கோன் மணிக்கு ஏறக்குறைய 2.6 யூனிட் வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றும். அதற்கு அது எடுத்துக்கொள்ளும் மின்சாரம் சுமார் 0.8 யூனிட். கெல்வின் பிரபு என்று பின்னாளில் அறியப்பட்ட வில்லியம் தாம்சன், இதே முறையில் கட்டடங்களைச் சூடாக்கலாம் என்று 1852-லேயே எழுதியிருந்தார்.

அறை ஏர்கோனில் ஒரேயொரு வால்வைக் கூடுதலாகச் சேர்த்தால் அது திசை மாற்றி ஓடும். வெளியிலிருந்து வெப்பத்தை உள்ளே கொண்டுவரும். ஆஸ்திரேலியாவில் இதை ரிவர்ஸ் சைக்கிள் ஏர்கோன் என்றுதான் விற்கிறார்கள். மெல்பர்னுக்குக் குடிபெயர்ந்த பினாங்குக்காரர் ஒருவர் குளிர்காலத்தில் ரிமோட்டில் சூரியப் படத்தை அழுத்தும்போது, ஊரில் பார்த்த அதே பெட்டிதான் தலைகீழாக வேலை செய்கிறது.

கடுங்குளிரில் வெளிக்காற்றில் வெப்பம் ஏது என்று பலரும் கேட்பார்கள். கையில் பட்டால் உறைய வைக்கும் மைனஸ் 10 பாகை காற்றிலும் வெப்பம் உண்டு. குளிர்பொருள் அதைவிடக் குளிர்ந்திருப்பதால் அதை உறிஞ்ச முடிகிறது. ஆனால் கிணறு ஆழமாக ஆழமாகக் கை வலிப்பது போல, வெப்பநிலை வேறுபாடு கூடக்கூட இயந்திரத்துக்கு வேலை அதிகம். டொரோண்டோவில் வெளியே மைனஸ் 15, உள்ளே 21 என்றால் 36 பாகை இறைக்க வேண்டும். அப்போது ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு யூனிட் வெப்பம் கிடைப்பதே பெரிது. பினாங்கில் வெளியே 32, உள்ளே 25. வேறுபாடு வெறும் 7 பாகை. ஹீட் பம்ப்புக்கு இதைவிட இலகுவான வேலை கிடைக்காது.

அங்கே எவ்வளவு செலவு, எவ்வளவு பலன்

பிரிட்டனில் வீடு முழுவதையும் சூடாக்கும் ஹீட் பம்ப் பொருத்த, மானியத்துக்கு முன் பொதுவாகப் பத்தாயிரம் பவுனுக்கு மேல் ஆகும். இயந்திரத்தின் விலை அதில் ஒரு பங்குதான். பழைய ரேடியேட்டர்களை மாற்றுவது, சுடுநீர்த் தொட்டி வைப்பது, கூரைக்கும் சுவருக்கும் வெப்பக்காப்பு போடுவது எல்லாம் சேர்ந்துகொள்ளும். காற்று புகும் பழைய வீட்டில் அப்படியே பொருத்தினால் அது ஓயாமல் ஓடிப் பில்லை ஏற்றிவிடும்.

மாதச் செலவிலும் ஒரு சிக்கல். பிரிட்டனில் ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை ஒரு யூனிட் எரிவாயுவின் விலையைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. ஹீட் பம்ப் ஒன்றுக்கு மூன்று என்று வேலை செய்தாலும் எரிவாயுவைவிடப் பெரிதாக மிச்சமாவதில்லை. சரியாகப் பொருத்தாத வீட்டில் கூடுதலாகவே செலவாகும். நோர்வேயில் நிலைமை வேறு. அங்கே பல வீடுகள் முன்பே மின்கம்பி ஹீட்டரில்தான் சூடாகின. அதற்குப் பதிலாக ஹீட் பம்ப் வந்ததும் அதே வெப்பத்துக்கு மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் போதும் என்றாகிவிட்டது. மக்கள் தாமாகவே வாங்கியதற்குக் காரணம் பருவநிலைப் பற்று மட்டுமல்ல.

புகைக் கணக்கில் பிரிட்டனும் தெளிவாக முன்னேறியிருக்கிறது. எரிவாயு பாய்லரில் ஒரு யூனிட் வெப்பத்துக்குச் சுமார் 0.2 கிலோ கரியமிலவாயு வெளியாகும். பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டம்பர் 30-ல் மூடப்பட்டது. இப்போது அங்கே ஒரு யூனிட் மின்சாரத்துக்கே 0.15 கிலோ அளவில்தான் வெளியேற்றம். அதை மூன்றாக வகுத்தால் ஒரு யூனிட் வெப்பத்துக்கு 0.05 கிலோ. பாய்லரில் கால் பங்குதான். டொரோண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாநிலம் 2014-லேயே நிலக்கரியை நிறுத்திவிட்டது.

இப்போது அதே வீட்டைத் தூக்கித் தீபகற்ப மலேசியாவின் மின்கம்பியில் மாட்டிப் பார்க்கலாம். இங்கு ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ கரியமிலவாயு. மூன்றால் வகுத்தால் 0.25 கிலோ. எரிவாயு பாய்லரைவிட அதிகம்! இயந்திரம் மாறவில்லை, மின்நிலையம்தான் மாறியது. தீபகற்பத்தின் மின்சாரத்தில் சுமார் பாதி நிலக்கரியிலிருந்து வருகிறது. மீதியில் பெரும்பகுதி எரிவாயு. பினாங்குப் பாலத்துக்கு அக்கரையில் பிறையில் எரிவாயு நிலையம், தெற்கே பேராக்கின் மஞ்சோங்கில் கப்பலில் வரும் நிலக்கரியை எரிக்கும் நிலையம். புதிய நிலக்கரி நிலையங்கள் கட்டப்போவதில்லை என்று அரசாங்கம் அறிவித்திருக்கிறது. இருப்பவை 2040-களின் நடுப்பகுதிவரை படிப்படியாக நிறுத்தப்படும் என்பது திட்டம். சுங்கை பினாங்கில் இன்று வாங்கும் ஏர்கோன் அதற்குள் இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

இங்கே அது எதற்குப் பதில்?

குளிர் நாட்டில் ஹீட் பம்ப் வந்தால் ஒரு நெருப்பு அணைகிறது. பினாங்கு வீட்டில் அணைப்பதற்கு நெருப்பு இல்லை; மின்விசிறிதான் இருந்தது. 50, 60 வாட்டில் ஓடும் விசிறி இரவு முழுக்கச் சுற்றினாலும் அரை யூனிட் தாண்டாது. அந்த இடத்துக்கு ஏர்கோன் வரும்போது செலவும் புகையும் சேர்ந்தே கூடுகின்றன. ஆகவே ஏர்கோன் ஒரு ஹீட் பம்ப் என்பதால் மட்டும் இங்கே அது பசுமைப் பொருளாகிவிடாது. விளம்பரத்தில் இலைப் படம் போட்டிருந்தாலும் அப்படித்தான்.

அதற்காக ஏர்கோன் ஆடம்பரம் என்று ஒதுக்கவும் முடியாது. 650 சதுர அடி மலிவு விலை வீட்டில், மேற்கு வெயில் பட்ட சுவர் நள்ளிரவுவரை கக்கும் சூட்டில் படுத்திருக்கும் முதியவருக்கும் கைக்குழந்தைக்கும் இரவுக் குளிர்ச்சி உடல்நலச் சங்கதி. வாங்கலாமா கூடாதா என்ற பேச்சைப் பல வீடுகள் தாண்டிவிட்டன. எந்த இயந்திரம், எப்படி ஓட்டுவது என்பதில்தான் பணமும் புகையும் மிச்சமாகும்.

பில்லில் ஒளிந்திருக்கும் படிக்கட்டு

2025 ஜூலை 1 முதல் தீபகற்பத்தில் மின்கட்டண முறை மாறியது. மாதம் 1,500 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீடுகளுக்கு எரிசக்தி, கொள்திறன், கம்பித்தடக் கட்டணங்கள் சேர்ந்து யூனிட்டுக்கு 44.43 சென். அதிலிருந்து மின்சிக்கன ஊக்கத்தொகை என்று ஒரு கழிவு தரப்படுகிறது. 200 யூனிட்வரை பயன்படுத்தினால் யூனிட்டுக்கு 25 சென் கழிவு. பயன்பாடு கூடக்கூடக் கழிவு குறைந்து, 1,000 யூனிட்டுக்கு மேல் ஒன்றுமே இல்லை. பலரும் கவனிக்காத விஷயம், இந்தக் கழிவு மொத்தப் பயன்பாட்டுக்கும் ஒரே விகிதத்தில் கணக்கிடப்படுகிறது என்பது. ஆகவே படி தாண்டும் இடத்தில் பில் குதிக்கும். 350 யூனிட்டுக்கு 82 ரிங்கிட். 351 யூனிட்டுக்கு 96 ரிங்கிட் 28 சென். ஒரே ஒரு யூனிட்டுக்கு 14 ரிங்கிட்டுக்கு மேல் வித்தியாசம்!

ஏர்கோன்தான் ஒரு குடும்பத்தை இந்தப் படிகளில் ஏற்றிவிடுகிறது. ஏர்கோன் இல்லாமல் மாதம் 250 யூனிட் பயன்படுத்தும் வீட்டை எடுத்துக்கொள்ளலாம். பில் ஏறக்குறைய 50 ரிங்கிட். அங்கே இன்வெர்ட்டர் இல்லாத பழைய 1 எச்பி ஏர்கோன் தினமும் 8 மணி நேரம் ஓடி 4.5 யூனிட் எடுத்தால் மாதம் 135 யூனிட் கூடும். மொத்தம் 385 யூனிட், புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்கான 1.6 விழுக்காட்டையும் சேர்த்துப் பில் 107 ரிங்கிட். அதே அறையில், அதே நேரத்துக்கு, 5 நட்சத்திர இன்வெர்ட்டர் ஏர்கோன் 2.5 யூனிட் எடுத்தால் மொத்தம் 325 யூனிட், பில் 77 ரிங்கிட். இரண்டுக்கும் நடுவே மாதம் 30 ரிங்கிட், ஆண்டுக்கு 360 ரிங்கிட். புகையில் ஆண்டுக்கு 540 கிலோ கரியமிலவாயு குறையும். அறை, வெயில், வைக்கும் பாகையைப் பொறுத்து இந்த எண்கள் ஏறி இறங்கும். ஆனாலும் போக்கு இதுதான்.

600 யூனிட் இன்னொரு பெரிய படி. அதைத் தாண்டினால் மாதம் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணம் சேரும். எரிபொருள் விலைக்கேற்ப மாதந்தோறும் மாறும் சரிக்கட்டல் தொகையும் வரும். 600-க்கு மேற்பட்ட யூனிட்டுகளுக்கு 8 விழுக்காடு சேவை வரியும் உண்டு. மூன்று அறையிலும் பழைய ஏர்கோன் வைத்திருக்கும் கூட்டுக் குடும்பங்கள் மாட்டுவது இங்கேதான். இ-காசே பட்டியலில் உள்ள வறிய குடும்பங்களுக்கு மாதம் 40 ரிங்கிட் மின்கட்டணக் கழிவு இருக்கிறது. பதிவு செய்யாதவர்களுக்கு அது கிடைப்பதில்லை.

கடையில் இன்வெர்ட்டர் உள்ளதற்கும் இல்லாததற்கும் சில நூறு ரிங்கிட் வித்தியாசம் இருக்கும். 500 ரிங்கிட் என்றே வைத்துக்கொண்டாலும் மேற்சொன்ன கணக்கில் ஒன்றரை ஆண்டுக்குள் திரும்பிவிடும். பழைய வகை, அறை குளிர்ந்ததும் நின்று, சூடானதும் முழு வேகத்தில் மீண்டும் கிளம்பும். இன்வெர்ட்டர் வகை நிற்காமல் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இரவெல்லாம் ஓடும் வீட்டில்தான் அதன் பலன் முழுமையாகத் தெரியும். வாரத்தில் ஒரு நாள் விருந்தாளிக்காகப் போடும் அறைக்கு அவ்வளவு கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

வாங்கும்போது எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர ஒட்டுத்தாளைப் பார்க்க வேண்டும். நட்சத்திர எண்ணிக்கையோடு ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்பதும் அதில் அச்சாகியிருக்கும். இரண்டு மாடல்களை ஒப்பிட அந்த எண்ணே உதவும். அரசின் சேவ் திட்டத்தின் கீழ் 2021-ல் 200 ரிங்கிட்டும் பின்னர் 400 ரிங்கிட்டும் கழிவு தரப்பட்டது. ஒதுக்கீடு தீர்ந்ததும் சுற்று மூடப்படும் என்பதால், பணம் கட்டும் முன் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. கழிவெல்லாம் புதுப் பொருளுக்கு மட்டுமே. கையில் 300, 400 ரிங்கிட் மட்டும் உள்ளவர் செகண்ட் ஹேண்ட் ஏர்கோனைத்தான் தேடிப் போகிறார்; அதன்பின் மாதாமாதம் கூடுதல் பில் கட்டுகிறவரும் அவரே. உதவித் திட்டங்கள் வகுப்பவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. சொந்தக் கூரை இல்லாத மாடி வீட்டாருக்குச் சூரியத் தகடும் எளிதில் எட்டாது.

சுடுநீருக்கு ஹீட் பம்ப் தேவையா

மலேசியாவில் ஹீட் பம்ப் என்ற பெயரிலேயே விற்கப்படுவது சுடுநீர்த் தொட்டிதான். உடனடி வாட்டர் ஹீட்டர் சுமார் 3.6 கிலோவாட்; பத்து நிமிடக் குளியலுக்கு 0.6 யூனிட். நான்கு பேர் தினம் ஒருமுறை சுடுநீரில் குளித்தால் மாதம் 72 யூனிட். ஹீட் பம்ப் வைத்தால் அது 24 ஆகும். மிச்சம் 48 யூனிட், பணத்தில் 10 முதல் 25 ரிங்கிட். தொட்டியும் பொருத்தும் கூலியுமாக இதற்குச் சில ஆயிரம் ரிங்கிட் பிடிக்கும். போட்ட முதலைத் திருப்பி எடுப்பதற்குள் தொட்டி துருப்பிடித்துவிடும். சிறிய மாடி வீட்டுக்கு இது வேண்டாம். குளியலை ஐந்து நிமிடமாக்கினால் காசில்லாமலே பாதி மிச்சம். நாள் முழுக்கச் சுடுநீர் வேண்டிய தங்கும் விடுதி, மருத்துவமனை, தொழிலாளர் விடுதிகளுக்கு இது நன்றாக ஈடுகொடுக்கும். ஜோர்ஜ்டவுனில் தங்கும் விடுதிகளுக்குப் பஞ்சமில்லை.

கேஸ் தீர்ந்துபோவதில்லை

பருவநிலைக் கணக்கில் மின்சாரம் பாதிக் கதைதான். மீதி, குழாய்க்குள் இருக்கும் குளிர்பொருள். பழைய ஏர்கோன்களின் ஆர்-22, ஒரு கிலோ வெளியேறினால் 1,810 கிலோ கரியமிலவாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். ஓசோன் படலத்தையும் அரிக்கும். 2.5 எச்பிவரையிலான ஆர்-22 ஏர்கோன்களின் தயாரிப்பும் இறக்குமதியும் மலேசியாவில் 2015 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டன. அடுத்து வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் வெப்பமூட்டும் ஆற்றல் 2,088 மடங்கு. இப்போது பரவலாக உள்ள ஆர்-32 அதைவிட மேல், 675 மடங்கு. இவற்றைக் குறைக்கும் கிகாலி உடன்பாட்டை மலேசியா 2020-ல் ஏற்றுக்கொண்டது.

1 எச்பி ஏர்கோனில் அரைக் கிலோ ஆர்-32 இருந்து அது முழுதும் கசிந்தால் ஏறக்குறைய 340 கிலோ கரியமிலவாயுவுக்குச் சமம். மேலே சொன்ன இன்வெர்ட்டர் மிச்சத்தில் ஏழு மாதத்து உழைப்பு காற்றோடு போய்விடும். அதனால் ஆண்டுதோறும் "கேஸ் ஏற்ற வேண்டும்" என்று சொல்லும் பழுதுபார்ப்பவரிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: போன வருடம் ஏற்றிய கேஸ் எங்கே போனது? குழாய் மூடிய சுற்று. கேஸ் பெட்ரோல் போல எரிந்து தீர்வதில்லை. குறைந்திருந்தால் கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் மேலும் ஏற்றுவது ஓட்டை வாளியில் நீர் ஊற்றுகிற கதை, அதற்கும் வீட்டுக்காரர்தான் பணம் கட்டுகிறார். பல வீடுகளில் குளிர்ச்சி குறைவதற்குக் காரணம் கேஸே அல்ல, அழுக்கடைந்த வடிகட்டி. அதைக் கழற்றி மாதம் ஒருமுறை குழாயடியில் கழுவ யாரும் வர வேண்டியதில்லை. பழைய இயந்திரத்தைக் கழற்றும்போது கேஸைத் திறந்துவிடாமல் சிலிண்டரில் பிடிக்க வேண்டும். சுற்றுச்சூழல் துறை இதற்கென விதிமுறைகளும், தொழில்நுட்பர்களுக்குப் பயிற்சிச் சான்றிதழும் வைத்திருக்கிறது. சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை.

சுவரும் காற்றுக்கூடமும்

குளிர் நாட்டில் முதலில் வீட்டைப் போர்த்துகிறார்கள், பிறகுதான் இயந்திரம். அந்தப் பாடம் இங்கேயும் செல்லும். மேற்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு நிழல்தட்டி, தடித்த திரை, கதவின் அடிவிளிம்பில் ரப்பர் பட்டை, உச்சிமாடியானால் கூரைக்கு வெள்ளைப் பூச்சு: இவை இறைக்க வேண்டிய வெப்பத்தையே குறைக்கும். ஏர்கோனை 26-ல் வைத்து விசிறியைச் சேர்த்துப் போட்டால் உடம்புக்கு அதே சுகம் கிடைக்கும், கம்ப்ரசருக்கு வேலை குறையும்.

வெளிப்பெட்டி எங்கே தொங்குகிறது என்பதும் முக்கியம். பத்துப் பதினைந்து பெட்டிகள் ஒரே குறுகிய காற்றுக்கூடத்தில் சூட்டைக் கொட்டினால் அங்கே காற்று 32 பாகையில் நிற்காது. கீழ்வீட்டுப் பெட்டி கக்கிய சூட்டையே மேல்வீட்டுப் பெட்டி மீண்டும் உள்வாங்கும். ஒவ்வொன்றும் கூடுதல் மின்சாரம் தின்னும். ஏர்கோன் இல்லாத வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்தால் அடுத்தவர் அறையிலிருந்து இறைக்கப்பட்ட வெப்பம் அவர் அறைக்குள் வரும். மாடிவாசிகளுக்கிடையே தண்ணீர் சொட்டுவது பற்றித்தான் வழக்கமாகச் சண்டை. வெப்பம் சொட்டுவது கண்ணுக்குத் தெரிவதில்லை. கட்டட நிர்வாகக் குழு நினைத்தால் பெட்டிகளைத் திறந்த வெளிச்சுவருக்கு நகர்த்தும் விதியை, அடுத்த வர்ணம் பூசும் வேலையோடு சேர்த்தே கொண்டுவரலாம்.

நகர அளவில் ஜோர்ஜ்டவுனிலும் பாயான் லெப்பாசிலும் மரம் நட்டும் நீர் தேங்கும் இடங்களைச் சீரமைத்தும் வெப்பத்தையும் வெள்ளத்தையும் தணிக்கும் திட்டம் ஒன்று நடக்கிறது. ஐக்கிய நாட்டு மனிதக் குடியிருப்பு அமைப்பும் திங்க் சிட்டியும் ஈடுபட்டுள்ள அதற்குப் பருவநிலைத் தகவமைப்பு நிதி 1 கோடி அமெரிக்க டாலர் அளித்திருக்கிறது. 2017 நவம்பர் 4, 5-ல் பினாங்கை மூழ்கடித்து ஏழு பேரைப் பலிகொண்ட வெள்ளத்தைச் சுங்கை பினாங்குவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். ஆற்றங்கரையில் நடும் மரம் வளர்ந்து நிழல் தர ஆண்டுகள் ஆகும். வடிகட்டியை இன்றிரவே கழுவலாம்.